உரிப்பதற்கு முன் போர்வையைப் பாருங்கள்: பாலிகோனேசி செடிகளைக் காயால் அடையாளம் காண்பது

ஒரு செடியின் பெயர் தெரியவில்லை என்றால் முதலில் இலையைப் பார்ப்போம், அப்புறம் பூவைப் பார்ப்போம். பாலிகோனேசி குடும்பத்தில் இந்த இரண்டையும் நம்பி இறங்கினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். பெர்சிகேரியா ஆம்ஃபிபியா என்று ஒரு செடி இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும்போது அதன் இலை வழுவழுப்பாக, நீண்ட காம்போடு இருக்கும். அதே செடி கரையேறினால் இலை குறுகி, நீண்டு, மயிர் முளைத்து, சம்பந்தமே இல்லாத வேறொரு செடி போல நிற்கும். பூக்களோ மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஆனால் பூ முடிந்து காய் முற்றிய பிறகு வேறுபாடுகள் பளிச்சென்று வெளியே வந்துவிடும். இலையெல்லாம் கருகிப் போன பிறகும் காய்ந்த தண்டில் பழுப்பு நிறத்தில் காய்க்கொத்து நின்றுகொண்டிருக்கும், அதை வைத்தே பெயர் சொல்லிவிடலாம்.

சுமார் 50 பேரினங்களும் 1,200 இனங்களும் கொண்ட குடும்பம் இது. பெயரே கிரேக்க மொழியில் ‘பல முழங்கால்’ என்ற பொருளில் வந்தது, தண்டின் கணுக்கள் முழங்கால் போலப் புடைத்திருப்பதால். கையில் இருப்பது இந்தக் குடும்பம்தானா என்று உறுதி செய்துகொள்ள அந்தக் கணுவைத்தான் பார்க்க வேண்டும். இலைக்காம்பு சேரும் இடத்தில், தண்டைச் சுற்றிக் காகிதம் போல மெல்லிய குழல் ஒன்று இருக்கும். இலையடிச் செதில்கள் ஒன்று சேர்ந்து உருவான உறை அது. ஆக்ரியா என்பார்கள். அமெரிக்காவில் வளரும் எரியோகோனம் கூட்டத்தைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் இது இருக்கும். குழல் இருந்தால் மேலே போகலாம்.

ஒரு சொல் விஷயம். இந்தக் குடும்பத்தின் கனி உலர்ந்தது, தானாக வெடிக்காதது, உள்ளே ஒரே ஒரு விதை. பாடப்புத்தகம் இதை அக்கீன் அல்லது வெடியா உலர்கனி என்று சொல்லும். இந்தக் கட்டுரையில் அதைக் ‘கொட்டை’ என்று சொல்கிறேன். கொட்டையும் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பூவிதழ்களும் (இவைதான் ‘போர்வை’) சேர்ந்த முழுப் பொருளைக் ‘காய்’ என்கிறேன். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பூவிலிருந்து தொடங்குவோம். இந்தக் குடும்பத்துப் பூவில் புல்லி இதழ், அல்லி இதழ் என்ற பிரிவு கிடையாது. எல்லாமே ஒரே மாதிரியான பூவிதழ்கள், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. நடுவில் ஒற்றை அறை கொண்ட சூலகம். அதன் அடியிலிருந்து ஒரே ஒரு சூல் நிமிர்ந்து நிற்கும். எனவே ஒரு பூவுக்கு ஒரு கொட்டை, ஒரு விதை. சூலகத்தின் உச்சியில் இரண்டு அல்லது மூன்று சூலகத்தண்டுகள் இருக்கும். இந்த எண்ணிக்கைதான் கொட்டையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மூன்று தண்டு என்றால் கொட்டைக்கு மூன்று பக்கம், மூன்று விளிம்பு. இரண்டு என்றால் பூதக்கண்ணாடியின் வில்லையைப் போல இரண்டு பக்கம் மட்டும்.

பல செடிகளில் பூ முடிந்ததும் இதழ்கள் உதிர்ந்துவிடும். இங்கே உதிராது, கொட்டையைச் சுற்றி அப்படியே நிற்கும். நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். சிலவற்றில் வெறும் தோல் போலச் சுருங்கிக் கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் வளர்ந்து இறக்கையாகும். சிலவற்றில் இறுகி முள்ளாகும். சிலவற்றில் சதைப்பற்று ஏறி, கொட்டையை மூடிய பழம் போலவே மாறிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, காய் கையில் கிடைத்ததுமே தேய்த்து உரித்துக் கொட்டையை எடுத்துவிடுவது. நானும் அப்படித்தான் ஒரு முறை ஒரு கொத்து முழுவதையும் உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிட்டு, பளபளவென்ற பழுப்புக் கொட்டைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். அது இந்தக் குடும்பத்தின் ரூமெக்ஸ் என்ற பேரினம். ரூமெக்ஸில் கொட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்வது மிகக் கடினம். ஊதித் தள்ளிய குப்பையில்தான் விடை இருந்தது.

ரூமெக்ஸில் போர்வையைப் பார்க்க வேண்டும், பெர்சிகேரியாவில் கொட்டையைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியோடு கிளம்பினாலே குழப்பம் வெகுவாகக் குறையும்.

ரூமெக்ஸ்: மூன்று இதழ்களின் கதை

தமிழில் சுக்கான்கீரை என்று சொல்லும் செடி ரூமெக்ஸ் வெசிகேரியஸ், இந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. ரூமெக்ஸ் பூவில் ஆறு இதழ்கள், வெளியே மூன்று, உள்ளே மூன்று. காய் முற்றும்போது வெளி மூன்றும் சிறிதாகவே நின்றுவிடும். உள் மூன்றும் வளர்ந்து, ஒன்றோடு ஒன்று விளிம்பு சேர்ந்து, கொட்டையை மூன்று பக்கமும் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கொட்டை எப்போதும் முப்பட்டை, பழுப்பு, பளபளப்பு.

இந்த மூன்று உள்ளிதழ்களில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று விளிம்பு: நேராக இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா? இன்னொன்று முதுகு: நடு நரம்பின் மேல் ஒரு சிறு மணியை ஒட்டவைத்தது போலப் புடைப்பு இருக்கிறதா? இருந்தால் மூன்றிலுமா, ஒன்றில் மட்டுமா? புடைப்பு என்பது முதலில் பார்க்கும்போது ஏதோ பூச்சி முட்டை ஒட்டியிருப்பது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், அது இதழின் பகுதிதான், தக்கை போன்ற திசு. காய் தண்ணீரில் மிதக்க அது உதவுகிறது.

இப்போது இனங்களைப் பார்க்கலாம். ரூமெக்ஸ் கிறிஸ்பஸில் உள்ளிதழ் அகன்ற இதய வடிவம், நீளம் ஏறக்குறைய 5 மி.மீ., விளிம்பில் பல் இல்லை. புடைப்பு பொதுவாக மூன்றிலும் இருக்கும், ஆனால் ஒன்று மற்ற இரண்டைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். இதனோடு சேர்ந்தே அடிக்கடி வளர்வது ரூமெக்ஸ் ஆப்டுசிஃபோலியஸ். இதில் இதழ் முக்கோணமாக நீண்டு, அடிப்பக்கத்தில் தெளிவான பற்களோடு இருக்கும். நன்கு வளர்ந்த புடைப்பு பெரும்பாலும் ஒன்றில் மட்டும்தான். இலையை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கக் கஷ்டப்படும் இடத்தில் பல்லைப் பார்த்தால் நொடியில் முடிந்துவிடும்.

அடுத்த இரட்டையர் கொஞ்சம் சிறியவர்கள். ரூமெக்ஸ் காங்க்ளோமெரேட்டஸ், ரூமெக்ஸ் சாங்குவினியஸ் இரண்டிலும் உள்ளிதழ் சுமார் 3 மி.மீ., குறுகி நீண்டது, பல் இல்லாதது. முதலாவதில் மூன்று இதழிலும் நீள்வட்டப் புடைப்பு. இரண்டாவதில் ஒன்றில் மட்டும், அதுவும் உருண்டையாக. இந்த ஜோடிக்கு இதைவிட நல்ல அடையாளத்தை நான் பார்த்ததில்லை.

பல்லிலும் வகை இருக்கிறது. ரூமெக்ஸ் மரிடிமஸில் பல் இதழின் அகலத்தைவிட நீளமாக, மெல்லிய இழை போல இருக்கும். காய் முற்றும்போது கொத்து முழுவதும் பொன்மஞ்சளாகிவிடும், தூரத்திலிருந்தே தெரியும். ரூமெக்ஸ் நேபாலென்சிஸில் ஒவ்வொரு பல்லின் நுனியும் தூண்டில் முள் போல வளைந்திருக்கும். துணியில் ஒட்டிக்கொள்ளும், விலங்குகளின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு போகும். வளைந்த நுனியைப் பார்த்துவிட்டால் வேறு இனத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. சுக்கான்கீரையில் இதெல்லாம் எதுவும் இல்லை. உள்ளிதழ்கள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து, ஊதிய பை போல, இளஞ்சிவப்பாக, வலை நரம்புகளோடு இருக்கும். வெசிகேரியஸ் என்றாலே பை போன்றது என்று பொருள்.

இன்னும் இரண்டு இனங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ரூமெக்ஸ் அசிட்டோசாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, காய் பெண் செடியில்தான் கிடைக்கும். உள்ளிதழ்கள் மெல்லியவை, வட்டமானவை. வெளியிதழ்கள் காம்பை நோக்கிப் பின்னால் மடிந்திருக்கும். ரூமெக்ஸ் அசிட்டோசெல்லாவும் ஆண், பெண் என்று பிரிந்த செடிதான். ஆனால் அதில் உள்ளிதழ்கள் வளரவே வளராது. ஒன்றரை மில்லிமீட்டர் கொட்டையை ஒட்டியபடி நின்றுவிடும். இறக்கை இல்லையே, ரூமெக்ஸ் எப்படி என்று இதில்தான் பலர் தடுமாறுவார்கள்.

எச்சரிக்கை ஒன்று. ரூமெக்ஸ் இனங்கள் ஒன்றோடு ஒன்று கலந்து கலப்பினங்களை எளிதாக உருவாக்கும். கிறிஸ்பஸும் ஆப்டுசிஃபோலியஸும் கலந்தது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும். கொத்தில் பல காய்கள் வெறும் சக்கையாக, அளவு மாறி மாறி, பல் பாதியும் இல்லாதது பாதியுமாக இருந்தால் உங்கள் கண்ணில் குறை இல்லை, செடிதான் கலப்பு. இன்னொன்று, பச்சைக் காயை வைத்து முடிவு சொல்லாதீர்கள். புடைப்பு கடைசியில்தான் முழு அளவுக்கு வரும்.

இந்தக் கொட்டைகளின் பிடிவாதத்துக்கு ஒரு சான்று உண்டு. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களைச்செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 குப்பிகளில் அடைத்துப் புதைத்தார். 80 ஆண்டுகள் கழித்து எடுத்த குப்பியில் முளைத்தவை மூன்றே இனங்கள். அதில் ஒன்று ரூமெக்ஸ் கிறிஸ்பஸ்.

பெர்சிகேரியா: இங்கே உரிக்கலாம்

பெர்சிகேரியாவில் பூவிதழ்கள் பெரும்பாலும் ஐந்து. காயானதும் வளராமல், கொட்டையை மூடிய காய்ந்த தோலாக நின்றுவிடும். எனவே உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தேய்த்து ஊதுங்கள். கருப்பு அல்லது கரும்பழுப்புக் கொட்டை வெளியே வரும், எள் அளவு, சில சமயம் அதைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளைக் காகிதத்தின் மேல் போட்டுப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: முப்பட்டையா, வில்லையா? வில்லை என்றால் பக்கம் வெளியே புடைத்திருக்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா? மேற்பரப்பு பளபளக்கிறதா, மங்கலா?

பெர்சிகேரியா லபாத்திஃபோலியாவில் கொட்டை தட்டையான வட்டு. இரண்டு பக்கமும் நடுவில் குழிந்திருக்கும், விரலால் அமுக்கிவிட்டது போல. இதில் மட்டும் தோலையும் தூக்கிப் போடாதீர்கள். வெளியிதழின் நரம்புகள் நுனியில் இரண்டாகப் பிரிந்து கீழ்நோக்கி வளைந்து, கப்பல் நங்கூரம் போலத் தெரியும். இந்த நங்கூரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

அதற்கு மிக நெருங்கிய தோற்றம் கொண்டது பெர்சிகேரியா மாகுலோசா. இதில் கொட்டை பளபளப்பான கருப்பு. ஆனால் ஒரே செடியில் வில்லை வடிவக் கொட்டைகளும் முப்பட்டைக் கொட்டைகளும் கலந்து கிடைக்கும். சில பூக்களில் இரண்டு சூலகத்தண்டு, சிலவற்றில் மூன்று என்பதால் வருவது இது. ஒரே ஒரு காயை உரித்துப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். குறைந்தது பத்துக் காய்களையாவது உரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

பெர்சிகேரியா ஹைட்ரோபைப்பரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிப்பது மங்கல். கொட்டை பளபளக்காது. லென்ஸில் பார்த்தால் நுண்ணிய குழிகள் தெரியும். பூவிதழ்களின் மேல் புள்ளி புள்ளியாகச் சுரப்பிகளும் இருக்கும். நீர்க்கரைகளில் வளரும் ஆற்றலரியான பெர்சிகேரியா கிளாப்ராவில் கொட்டை பெரும்பாலும் புடைத்த வில்லை, பளபளப்பு. அதன் பக்கத்திலேயே நிற்கக்கூடிய பெர்சிகேரியா பார்பேட்டாவில் கொட்டை முப்பட்டை. இரண்டின் இலையையும் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு கொட்டையை உருட்டிப் பார்ப்பது எளிது. முப்பட்டை என்றால் விரல்களுக்கு இடையே இடறும்.

விதிவிலக்குகளும் இதே பேரினத்தில்தான் இருக்கின்றன. பெர்சிகேரியா பெர்ஃபோலியேட்டாவில் பூவிதழ்கள் சதைப்பற்று ஏறி நீல உருண்டைகளாகிவிடும். பார்ப்பவர்கள் பழம் என்றே நினைப்பார்கள். உள்ளே கருப்பாக, உருண்டையாகக் கொட்டை. பெர்சிகேரியா சைனென்சிஸிலும் போர்வை சதைப்பற்றோடு இருக்கும், உள்ளே முப்பட்டை. பெர்சிகேரியா வர்ஜினியானாவின் தந்திரம் வேறு. அதன் இரண்டு சூலகத்தண்டுகளும் உதிராமல் இறுகி, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். முற்றிய காயை லேசாகத் தொட்டால் போதும், காம்பின் மூட்டிலிருந்து தெறித்துச் சில மீட்டர் தூரம் போய் விழும்.

காயை வைத்து அடையாளம் காண்பது களைச்செடி ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. 1950இல் டென்மார்க்கின் சதுப்பு நிலம் ஒன்றில் கிடைத்த டோலண்ட் மனிதனின் உடல் 2,300 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அவர் வயிற்றில் வாற்கோதுமையோடும் ஆளிவிதையோடும் லபாத்திஃபோலியாவின் கொட்டைகளும் இருந்தன. இலையும் பூவும் இல்லாத இடத்தில் கொட்டையின் ஓடு மட்டும் அந்தப் பெயரைச் சொல்லியது.

மற்றவர்கள்

பாலிகோனம் பேரினம் தரையோடு படர்ந்த, சிறு இலை கொண்ட செடிகள். காய்கள் கொத்தாக இல்லாமல் இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். பாலிகோனம் அவிகுலாரேயின் கொட்டை முப்பட்டை, மங்கல், நுண்ணிய வரிகள் உடையது. மூன்று பக்கங்களும் ஒரே அகலம் இருக்காது. அதைவிடச் சிறிய பாலிகோனம் பிளீபியத்தில் கொட்டை வழுவழுவென்று பளபளக்கும். அவிகுலாரேயில் ஒரு வினோதம் உண்டு. பருவத்தின் கடைசியில் உருவாகும் கொட்டைகள் நீளமாக, வரிகளே இல்லாமல், ஆலிவ் பச்சையாக, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அதை வேறு இனம் என்று எழுதிவைத்தவர்களில் நானும் ஒருவன்.

சுற்றிப் படரும் கொடிகளில் ஃபாலோப்பியா கன்வால்வுலஸ் ஒரு வேடதாரி. இலை அப்படியே வேறு குடும்பத்தைச் சேர்ந்த கன்வால்வுலஸ் என்ற கொடியின் இலை போல இருக்கும். காய் காட்டிக்கொடுத்துவிடும். கன்வால்வுலஸில் காய் வெடித்துப் பல விதைகளை வெளியே விடும். ஃபாலோப்பியாவில் ஒரு போர்வை, ஒரு முப்பட்டைக் கொட்டை, அவ்வளவுதான். அது 4 முதல் 5 மி.மீ. நீளம், மங்கலான கருப்பு. உறவான ஃபாலோப்பியா டுமெடோரத்தில் கொட்டை சிறியது, பளபளப்பானது. அதன் வெளியிதழ்களில் அகன்ற இறக்கைகள் இருக்கும்.

ஃபேகோபைரம் எளிது. கொட்டை போர்வையைவிட இரண்டு மடங்கு நீளமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஃபேகோபைரம் எஸ்குலென்டத்தில் விளிம்பு கத்தி போலக் கூர், பக்கம் வழுவழுப்பு. டடாரிகத்தில் பக்கங்களில் பள்ளம் ஓடும், தொட்டால் சொரசொரப்பு.

இறக்கை என்றாலே ஒரு சோதனை செய்யுங்கள். இறக்கையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தனியாகக் கழன்று வந்து உள்ளே முழுக் கொட்டை நின்றால் அது இதழின் இறக்கை: ரூமெக்ஸ், ஃபாலோப்பியா, ரேனூட்ரியா. கொட்டையோடு சேர்ந்து கிழிந்தால் அது கொட்டையின் சொந்த இறக்கை. ரியம் பேரினத்தில் அப்படி மூன்று இறக்கைகள். மலை உச்சிகளில் வளரும் ஆக்ஸிரியா டைஜினாவில் கொட்டை தட்டை, சுற்றிலும் இறக்கை. இந்த இரண்டிலும் பூவிதழ்கள் சிறிதாக அடியில் ஒடுங்கியிருக்கும். ரியத்தின் காயைப் பார்த்து ரூமெக்ஸ் என்று சொல்வது மிகச் சாதாரணமான தவறு. பாலைவனப் புதரான கல்லிகோனத்திலும் இறக்கையோ கிளைத்த மயிரோ கொட்டையின் மேலேயே முளைக்கும். சில இனங்களில் அந்த மயிர்களை ஒரு சவ்வு மூடி, காய் முழுவதும் பலூனாகிவிடும்.

எமெக்ஸில் வெளி மூன்று இதழ்களும் இறுகி மூன்று முட்களாகும். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும், செருப்பில்லாத காலுக்கு அதைவிட நல்ல அடையாளம் தேவையில்லை. கொடி ரோஜா என்ற ஆன்டிகோனானில் நாம் பூ என்று நினைத்துப் பார்ப்பதில் பாதி உண்மையில் காய்தான். இளஞ்சிவப்பு வெளியிதழ்கள் காகிதம் போலப் பெரிதாகி, உள்ளே கூரான முப்பட்டைக் கொட்டையை வைத்திருக்கும். டிரிப்ளாரிஸ் மரத்தில் மூன்று இதழ்கள் நீண்ட இறக்கையாகி, காய் சுழன்றபடி இறங்கும். கடற்கரை மரமான காக்கலோபா யூவிஃபெராவில் போர்வை சதையாகி, திராட்சைக் குலை போலத் தொங்கும்.

வெளிக் குடும்பம் ஒன்றோடும் குழப்பம் வரும். கோரைகளின் கொட்டையும் முப்பட்டை அல்லது வில்லைதான், அங்கேயும் சூலகமுடிகளின் (சூலகத்தண்டின் நுனிகளின்) எண்ணிக்கைதான் வடிவத்தை முடிவு செய்கிறது. மண்ணிலிருந்து சலித்தெடுத்த தனிக் கொட்டை என்றால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூவிதழ்களின் கிழிசல் ஒட்டியிருந்தால் பாலிகோனேசி. கோரையில் பூவிதழ் கிடையாது, சிலவற்றில் அடியில் சில முள்மயிர்கள் மட்டும் இருக்கும்.

சேகரிக்கும்போது கொத்தின் நடுப்பகுதியிலிருந்து முற்றிய காய்களை எடுங்கள். போர்வையோடு சிலவற்றையும் உரித்துச் சிலவற்றையும் காகித உறையில் வைத்து, தேதியையும் கணுவில் குழல் இருந்ததா என்பதையும் எழுதிவையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துப் பளபளப்பு போய்விடும். பளபளப்பு போனால் பெர்சிகேரியாவில் பெரிய துப்பு ஒன்று போய்விட்டது.

காயே கிடைக்காத செடிகளும் உண்டு. பிரிட்டனில் பரவிக் கிடக்கும் ரேனூட்ரியா ஜப்பானிகா முழுவதும் ஒரே பெண் செடியின் நகல்கள்தான், தரையடித் தண்டால் பரவியவை. அதில் எப்போதாவது நல்ல கொட்டை கிடைத்தால் அது வேறொரு உறவினச் செடியின் மகரந்தத்தில் உருவான கலப்பு. குளிர் நிலங்களில் வளரும் பிஸ்டோர்ட்டா விவிபாராவில் கதிரின் மேல்பகுதியில் பூக்கள் இருக்கும், கீழ்ப்பகுதியில் பூக்களுக்குப் பதிலாகச் சிறு குமிழ்கள் இருக்கும். கொட்டை அரிதாகவே உருவாகும். கொட்டை என்று நினைத்து ஒரு குமிழை நகத்தால் கீறினால் உள்ளே விதை இருக்காது. சிலவற்றில் தண்டை விட்டு உதிர்வதற்கு முன்பே பச்சை இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.